மொட்டைமாடி ஏரோபோனிக்ஸ்: லெட்யூஸ் வேர் பழுப்பாகிறது, என்ன மருந்து ஊற்றலாம்?

தாம்பரம்_மாடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு ஏரோபோனிக் தொட்டி (மண் இல்லாமல், காற்றில் தொங்கும் வேரில் உரக்கரைசலைத் தெளிப்பது) ஓடுகிறது. பழைய தொட்டி நானே செய்தது, சொட்டுநீர்க் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஃபாகர் (பனி போலத் தெளிக்கும் முனை) போட்டது, அதில் புதினா மட்டும். புதியது இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் முழு செட்டாக வாங்கியது. மூடியோடு சாம்பல் நிறப் பெட்டி, பித்தளை மிஸ்ட் நாசில், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் இருக்குமே அந்த ஆர்ஓ பூஸ்டர் பம்ப், கீழே தனியாக 40 லிட்டர் கரைசல் டேங்க். அதில் லெட்யூஸும் திருநீற்றுப்பச்சிலையும் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் வரைக்கும் வேர் பஞ்சு போல வெள்ளையாக இருந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து லெட்யூஸ் வேரின் கீழ்ப்பாதி பழுப்பாகி, தொட்டால் வழவழ என்கிறது. மதியத்தில் இலை தொங்குகிறது, சாயங்காலம் கொஞ்சம் நிமிர்கிறது. விவரங்கள்: தண்ணீர் பாதி போர்வெல், பாதி ஆர்ஓ. போர் தண்ணீரின் டிடிஎஸ் 900. கரைசலின் ஈசி (உப்பும் உரமும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற அளவு) 1.8, பிஎச் 6.8. டைமர் ஒரு நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நிற்கும். மதியம் இரண்டு மணிக்கு டேங்க் தண்ணீர் 34 டிகிரி காட்டுகிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு எவ்வளவு ஊற்றலாம்? இல்லை, கார்பன்டசிம் என்ற பூஞ்சை மருந்து போடலாமா? வீட்டில் இருக்கிறது.

சிறுவாணிக்கரை

மருந்து கடைசியாகப் பார்க்கலாம். முதலில் இரண்டு சோதனை செய்து சொல்லுங்கள். வேரைக் கொஞ்சம் கையில் எடுத்து மோந்து பாருங்கள். நல்ல வேருக்கு மழை பெய்த மண் மாதிரி ஒரு மெல்லிய வாசனை இருக்கும், இல்லையென்றால் ஒன்றுமே இருக்காது. சாக்கடை வாடை வந்தால் அழுகல். இரண்டாவது, பழுப்பான ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகக் கீழே உருவுங்கள். மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது பெரும்பாலும் பித்தியம் என்ற நோய்க்கிருமியால் வருகிற அழுகல். உருவினாலும் தோல் கழலாமல் வேர் விறைப்பாக இருந்தால் அது வெறும் சாயம். சில உரங்களில் இருக்கும் சிவப்பு நிற இரும்புக் கலவை வேரைச் செம்பழுப்பாக்கும், அதனால் செடிக்கு ஒன்றும் ஆகாது. நிறத்தை மட்டும் பார்த்துப் பயந்து நல்ல வேரை வெட்டிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கார்பன்டசிம் வேண்டவே வேண்டாம். பித்தியம் பூஞ்சை மாதிரி தெரிந்தாலும் உண்மையான பூஞ்சை இனமே இல்லை, அதன் மேல் கார்பன்டசிம் வேலை செய்யாது. அதோடு, இலையைப் பறித்து அப்படியே சாலட்டில் போடுகிற செடி. வேர் வழியாகப் போகிற மருந்து இலைக்குத்தான் வரும்.

தாம்பரம்_மாடி

நன்றி ஐயா. லெட்யூஸ் வேரை உருவினால் நீங்கள் சொன்னபடியே தோல் கழன்று நூல் மிஞ்சுகிறது, வாடையும் இருக்கிறது. திருநீற்றுப்பச்சிலை வேறு மாதிரி இருக்கிறது. வாடை இல்லை, வழவழப்பு இல்லை, ஆனால் வேர் நீளவே மாட்டேன் என்கிறது. கட்டை கட்டையாக, நுனி கருத்து, பக்கவேர் நெருக்கமாகக் குட்டை குட்டையாக நிற்கிறது. பழைய தொட்டியில் புதினா வேர் வெள்ளையாக நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் அதே உரம், அதே தண்ணீர், அதே வெயில். அதுதான் புரியவில்லை.

சிங்கை_செடி

லெட்யூஸ் பற்றி நான் சொல்கிறேன். இங்கே சிங்கப்பூரில் வருடம் முழுக்க 30 டிகிரிக்கு மேல்தான், குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் இங்கே ஏரோபோனிக்ஸில் லெட்யூஸ் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். தேசியக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் லீ சிங் கோங், ஹீ ஜியே இவர்கள் 1990களில் செய்த ஆராய்ச்சி அது. இலைப்பகுதி வெப்பமண்டலச் சூட்டிலேயே இருக்க, வேர் இருக்கும் பெட்டிக்குள் தெளிக்கிற கரைசலை மட்டும் 20 டிகிரி அளவில் குளிர வைத்தார்கள். செடி தாங்கியது, நன்றாகவும் வளர்ந்தது. வேரும் சூடாக விடப்பட்ட செடிகள் பின்தங்கின. செடிக்கு மேலே ஏசி போட வேண்டியதில்லை, வேர் குளிர்ந்தால் மேலே இருக்கிற வெயிலில் பெரும்பகுதியை அது சமாளித்துக்கொள்ளும்.

அதனால் உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது அந்த 34 டிகிரி மட்டும்தான். லெட்யூஸ் வேர் விரும்புவது 18 முதல் 22 வரை. 25 வரை சமாளிக்கும். 30 தாண்டினால் நம் பக்கத்துச் சூட்டுக்கென்றே இருக்கிற பித்தியம் அஃபனிடெர்மாட்டம் என்ற வகைக்குக் கொண்டாட்டம். செடி தளர்கிற அதே சூட்டில் நோய்க்கு வேகம் பிடிக்கிறது.

ஈரோடு_கண்ணன்

தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், அதனால்தான் வேர் அழுகுகிறது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். டேங்கில் மீன் தொட்டிக்குப் போடுகிற ஏர் ஸ்டோன் ஒன்று போட்டால் சரியாகிவிடாதா?

சிறுவாணிக்கரை

பாதி சரி தம்பி. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரை. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஏரோபோனிக்ஸில் வேர் காற்றில் தொங்குகிறது, துளி பறந்து வரும்போதே காற்றை வாங்கிக்கொள்கிறது. அப்படியும் ஏன் மூச்சுத் திணறுகிறது? சூட்டில் வேரின் சுவாசம் வேகமாகிறது, பத்து டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆக்சிஜன் கேட்கிறது. அதே நேரம் வேர் சடைபிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வெளியே இருக்கிற வேருக்குக் காற்று கிடைக்கும், சடைக்குள் இருக்கிற வேருக்குக் கிடைக்காது. அழுகல் பெரும்பாலும் அந்தச் சடையின் நடுவிலிருந்துதான் தொடங்கும், பிரித்துப் பார்த்தால் தெரியும்.

ஏர் ஸ்டோன் டேங்க் தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்க உதவும். ஆனால் மே மாத மதியத்தில் அது உள்ளே தள்ளுவது 38 டிகிரி காற்று. மாடியில் நிழலில்லாத இடத்தில் அதை நம்பாதீர்கள்.

மதுரை_வயர்மேன்

குளிர்விப்பதற்கு ஒரு கணக்கு. பலரும் ஒரு பாட்டில் ஐஸ் போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகி 25 டிகிரிக்கு வர சுமார் 105 கிலோகலோரி சூட்டை இழுக்கும். 40 லிட்டர் தண்ணீரில் அது இரண்டரை டிகிரிதான். 34ஐ 25க்குக் கொண்டுவர மூன்றரை கிலோ ஐஸ் வேண்டும், அதுவும் வெளியிலிருந்து சூடே ஏறாமல் இருந்தால். உண்மையில் ஏறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் தெளித்த தண்ணீர் வேர்ப்பெட்டியின் சுவரைத் தொட்டுத்தான் திரும்பி டேங்குக்கு வருகிறது. பெட்டி வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சூட்டையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நிழல், 50 சதவீதப் பச்சை வலை மேலே கட்டுங்கள், மேற்கு வெயில் பெட்டியில் படவே கூடாது. அடுத்து, பெட்டியையும் டேங்கையும் தெர்மாகோல் ஷீட்டால் மூடி மேலே வெள்ளை பெயின்ட். மொட்டைமாடித் தளம் சாயங்காலம் வரை சூட்டைக் கக்கும், டேங்கைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். இதெல்லாம் செய்த பிறகு ஐஸ் பாட்டில் போட்டால்தான் நிற்கும்.

எங்கள் மதுரையில் டேங்கைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினாலே நாலைந்து டிகிரி இறங்கும், காற்று உலர்ந்தது. தாம்பரத்தில் மதியம் கடல்காற்று வந்ததும் ஈரப்பதம் ஏறிவிடும், சாக்கு அவ்வளவு உதவாது.

தஞ்சை_கொல்லை

கொல்லை இருக்கிறவர்கள் டேங்கை மண்ணில் புதைக்கலாம். நாங்கள் ஒரு டிரம்மை வாழை நிழலில் கழுத்து வரை புதைத்திருக்கிறோம். கோடையில் 28, 29க்கு மேல் போவதில்லை. லெட்யூஸுக்குப் போதாது, கீரைக்குத் தாராளம்.

செல்வி_திருச்சி

நான் தண்ணீர்ப் பக்கம் வருகிறேன், அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. போர் தண்ணீர் 900 டிடிஎஸ், பாதி கலந்தால் 450. அதாவது உரம் போடுவதற்கு முன்னாடியே ஈசி கிட்டத்தட்ட 0.9 வந்துவிடும். நீங்கள் 1.8 வரை உரம் போட்டீர்கள் என்றால் செடிக்குக் கிடைத்த உரம் பாதிதான், மீதி பாதி உப்பும் சுண்ணாம்பும். மீட்டருக்கு எது உரம் எது உப்பு என்று தெரியாது. கோடையில் இன்னொன்றும் நடக்கும், செடி தண்ணீரை அதிகமாகவும் உரத்தைக் குறைவாகவும் குடிக்கும், டேங்கில் ஈசி தானாக ஏறும். அந்த நேரத்தில் நிரப்புவதற்குக் கரைசல் ஊற்றாதீர்கள், வெறும் ஆர்ஓ தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். லெட்யூஸுக்கு இந்த வெயிலில் 0.8 முதல் 1.2 வரை போதும்.

பிஎச் 6.8 கொஞ்சம் அதிகம். 5.5க்கும் 6.2க்கும் நடுவில் வையுங்கள். உரத்தில் இருக்கும் இரும்பு இடிடிஏ வகையாக இருந்தால் ஆறரைக்கு மேல் அது பிரிந்து படிய ஆரம்பிக்கும், புது இலை வெளுக்கும். பிஎச் குறைக்க எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று போகாதீர்கள் அண்ணா. இரண்டு நாளில் கிருமிகள் அதைத் தின்றுவிடும், பிஎச் திரும்ப ஏறும், வழவழப்பும் கூடும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் நல்லது. கையுறையோடு, அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

நாசில் அடைப்பு வருகிறதா? எங்கள் ஊரிலும் கெட்டித் தண்ணீர்தான். நாசிலைக் கழற்றி சிட்ரிக் அமிலக் கரைசலில் ராத்திரி ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும். கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட் உரங்களையும் அடர்கரைசலாக ஒன்றாகக் கலந்தாலும் வெள்ளையாகப் படியும், அதனால்தான் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக விற்கிறார்கள்.

சிறுவாணிக்கரை

செல்வி சொல்வது அத்தனையும் சரி. எங்கள் கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடுகளில் நாசில் அடைப்பு என்ற பேச்சே குறைவு, தண்ணீர் அவ்வளவு மென்மையானது. ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறினால் எங்களுக்கும் அதே கதைதான்.

குமரி_மாடித்தோட்டம்

பெராக்சைடு பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன், என் தொட்டியில் அழுகலே வந்ததில்லை. லிட்டருக்கு 3 மில்லி, வாரம் இரண்டு முறை. வேர் பளிச்சென்று இருக்கிறது. நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்றெல்லாம் பார்க்காமல் தொட்டியைச் சுத்தமாக வைத்தால் போதும் என்பது என் கருத்து.

சிங்கை_செடி

உங்கள் தொட்டியில் தண்ணீர்ச் சூடு எவ்வளவு என்று சொல்லுங்கள், நாகர்கோவில் பக்கம் மழையும் காற்றும் உண்டு, தாம்பரம் மாதிரி இருக்காது. பெராக்சைடை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஊற்றின சில மணி நேரத்தில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், அதற்குப் பிறகு பாதுகாப்பு எதுவும் இல்லை. சூட்டில் இன்னும் சீக்கிரம் பிரியும். சடைக்குள் ஒளிந்திருக்கிற பித்தியம் மறுநாள் திரும்ப வரும், அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள நல்ல கிருமி எதுவும் அங்கே இருக்காது.

நான் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற நல்ல பாக்டீரியாவைப் பயன்படுத்துகிறேன். வேரின் மேல் அது குடியேறிவிட்டால் நோய்க்கிருமிக்கு இடம் குறையும். ஒன்று மட்டும் கவனம், பெராக்சைடும் பேசிலஸும் ஒரே தொட்டியில் சேராது. ஒரு வழியைப் பிடியுங்கள்.

செல்வி_திருச்சி

பேசிலஸ், சூடோமோனாஸ் வாங்குகிறவர்கள் திரவ வடிவில் இருப்பதை வாங்குங்கள். நம் ஊரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் உரக்கடைகளிலும் அதிகமாகக் கிடைக்கிற சூடோமோனாஸ் டால்க் தூளில் கலந்தது. மண்ணுக்கு அருமையானது, ஆனால் மிஸ்ட் நாசிலில் போனால் அன்றைக்கே அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் பெராக்சைடு வாங்கினால் லேபிள் பாருங்கள். குமரி அண்ணா சொல்லும் 3 மில்லி என்பது 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடைகளில் 6 சதவீதமும் சாதாரணமாகக் கிடைக்கிறது, அப்படியானால் அளவு பாதி.

குமரி_மாடித்தோட்டம்

என் டேங்க் கிணற்றடியில் இருக்கிறது, 27 தாண்டாது. அந்த வகையில் நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் ஏற்கெனவே அழுகல் வந்த தொட்டியைச் சுத்தம் செய்யாமல் பேசிலஸ் மட்டும் ஊற்றினால் தப்பிக்காது, அதையும் சொல்லிவிடுங்கள்.

சிறுவாணிக்கரை

அது முக்கியம். தாம்பரம் தம்பி, தோல் கழன்ற லெட்யூஸைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், எடுத்துப் போடுங்கள். அந்த ஒரு செடியில் இருந்து நீந்துகிற வித்துகள் திரும்புகிற தண்ணீரோடு டேங்குக்குப் போய், அங்கிருந்து எல்லாச் செடிக்கும் நாசில் வழியே போகும். ஏரோபோனிக்ஸில் ஒரே டேங்க் என்பதன் விலை இது. கரைசல் முழுவதையும் வெளியே ஊற்றுங்கள், பெட்டி, டேங்க், குழாய் எல்லாவற்றையும் நீர்த்த பிளீச்சிங் கரைசலால் கழுவி, கொஞ்ச நேரம் பம்ப்பிலும் ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். சிட்ரிக் அமிலமும் பிளீச்சும் ஒன்றாகச் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். ஒரு வேலை முடிந்து நன்றாக அலசிய பிறகுதான் அடுத்தது.

வெளிச்சம் எங்கிருந்தாவது உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். பெட்டியை மூடி உள்ளே கைபேசி டார்ச்சை எரியவிட்டு இருட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். பல சாம்பல் பெட்டிகள் வெளிச்சத்தை விடும். வெளிச்சம் போனால் பாசி, பாசி செத்தால் அழுகலுக்குத் தீனி.

மண்வாசனை_திண்டுக்கல்

இவ்வளவு ரசாயனம் பேசுகிறீர்கள், பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் ஊற்றினால் என்ன? எங்கள் தோட்டத்தில் வேர் அப்படி இறங்குகிறது.

செல்வி_திருச்சி

மண்ணில் அது அருமை, நானும் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுகிறேன். மண்ணில் இருக்கிற கோடிக்கணக்கான உயிர்கள் அதை உடைத்து வேருக்குக் கொடுக்கின்றன. இங்கே அந்த உயிர்கள் இல்லை, வெறும் வேரும் பனித்துளியும்தான். உடையாத புரதமும் சர்க்கரையும் குழாயில் தங்கி நாறும், நாசிலும் அடைக்கும். அது மண்ணுக்கே இருக்கட்டும்.

மதுரை_வயர்மேன்

டைமர் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு நிமிடம் ஓட்டம் என்பது அழுத்தம் குறைவான, பெரிய துளி வருகிற அமைப்புக்குச் சரி. பூஸ்டர் பம்ப்பும் நுண்துளை நாசிலும் வைத்து 80 முதல் 100 பிஎஸ்ஐ அழுத்தம் வந்தால் துளி 50 மைக்ரான் பக்கம் வரும், அதற்கு ஐந்து முதல் பத்து வினாடி தெளித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும். ஒரு நிமிடம் ஓடினால் வேரில் தண்ணீர்ப் படலம் வடிந்துகொண்டே இருக்கும், காற்று போக வழியில்லை. தெளிப்பதற்கு முன்னால் மூடியைத் தூக்கிப் பாருங்கள். வேர் பளபளப்பாக ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நுனி மங்கலாகத் தெரிந்தால் இடைவெளி அதிகம்.

கடையில் கிடைக்கிற சாதாரண மெக்கானிக்கல் டைமர் 15 நிமிடத்துக்குக் கீழே போகாது, வினாடி வைக்கிற சைக்ளிக் டைமர் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பம்ப்பின் அழுத்தத்தை ஒரு கேஜ் போட்டு அளந்து பாருங்கள், நாசில் அதிகமானால் அழுத்தம் விழும், துளி பெருக்கும்.

சிங்கை_செடி

துளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்றும் இல்லை. அல்ட்ராசோனிக் ஃபாகரில் வருகிற புகை மாதிரிப் பனியில் வேர்முடி நிறைய வரும், பக்கவேர் சரியாக வளராது. அதோடு அந்தக் கருவி தண்ணீரையும் சூடாக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு அது தோதுப்படாது.

சிறுவாணிக்கரை

திருநீற்றுப்பச்சிலை விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டை வேர், கருத்த நுனி, வாடை இல்லை. அதே உரம் போட்ட பழைய தொட்டியில் புதினா நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பழையதில் பிளாஸ்டிக் ஃபாகர், புதியதில் பித்தளை நாசில். பித்தளை என்றால் தாமிரமும் துத்தநாகமும். உரக்கரைசல் லேசான அமிலம், அதுவும் அதே 40 லிட்டர் திரும்பத் திரும்பப் பித்தளை வழியாகப் போகிறது, சூடாகவும் இருக்கிறது. தாமிரம் செடிக்குத் துளியூண்டு வேண்டும், கொஞ்சம் கூடினாலும் முதலில் அடிபடுவது வேர் நுனிதான், நுனி கருத்து நீளாமல் நின்றுவிடும். பிஎச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம், பித்தளை அப்படியே இருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். நாசில், கனெக்டர், வால்வு எல்லாவற்றையும் பாருங்கள், பித்தளையும் ஜிஐயும் (துத்தநாகம் பூசிய இரும்பு) இருந்தால் எடுத்துவிட்டு ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் போடுங்கள். சொட்டு நிறுத்தும் வால்வோடு வருகிற நாசிலாக வாங்கினால் பம்ப் நின்ற பிறகு வேர்மேல் ஒழுகாது.

நுனி கருகுவதற்குக் கால்சியமோ போரானோ குறைந்தாலும் வாய்ப்புண்டு. ஆனால் உங்கள் போர் தண்ணீரில் கால்சியத்துக்குப் பஞ்சம் இருக்காது, அதனால் என் சந்தேகம் பித்தளை மேல்தான்.

தாம்பரம்_மாடி

கேட்டதெல்லாம் செய்தேன், சொல்ல வேண்டும் என்றே வந்தேன். லெட்யூஸ் முழுவதையும் எடுத்துவிட்டேன். பெட்டியைத் தண்ணீர் டேங்கின் நிழலுக்கு மாற்றி, தெர்மாகோல் சுற்றி, மேலே வலை கட்டினேன். ஐஸ் இல்லாமலே மதியச் சூடு 29க்கு இறங்கிவிட்டது, இரண்டு பாட்டில் போட்டால் 25 பக்கம் நிற்கிறது. முழுக்க ஆர்ஓ தண்ணீர், ஈசி 1.1, பிஎச் 5.9. நாசிலும் கனெக்டரும் ஸ்டீல், பிளாஸ்டிக் என்று மாற்றினேன். தெளிப்பு எட்டு வினாடி, நாலு நிமிட இடைவெளி. பேசிலஸ் திரவம் போட்டிருக்கிறேன்.

திருநீற்றுப்பச்சிலையில் பழைய கட்டை வேர் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் தண்டின் அடியிலிருந்து புது வேர் நீளமாக, வெள்ளையாக இறங்குகிறது, ஓரத்தில் மென்மையான வேர்முடியும் தெரிகிறது. இலையும் மதியத்தில் தொங்கவில்லை. ஐயாவுக்கும் செல்விக்கும் மற்ற எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சிறுவாணிக்கரை

ரொம்ப சந்தோஷம் தம்பி. பழைய வேரை இப்போது வெட்ட வேண்டாம், புது வேர் நன்றாகப் பெருகட்டும். பிறகு கருத்ததை மட்டும், ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், சுத்தமான கத்தரியால் நறுக்குங்கள். வேர் பெருத்தபின் நாசிலைச் சுற்றிக்கொள்ளாமலும் வடிகால் ஓட்டையை அடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் பழையபடி அழுகல்தான்.

ஈரோடு_கண்ணன்

கரன்ட் போனால் என்ன செய்வது? மண் மாதிரி ஈரம் பிடித்து வைக்க ஒன்றுமில்லையே.

மதுரை_வயர்மேன்

அதுதான் இந்த முறையில் எனக்கு எப்போதும் இருக்கிற கவலை. கோடை மதியத்தில் அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே மெல்லிய வேர் வாடிவிடும், வேர்முடி போனால் திரும்ப வராது, புதிதாகத்தான் வளர வேண்டும். பூஸ்டர் பம்ப் 24 வோல்ட் டிசி என்பது நமக்கு வசதி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் (7Ah) பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, சார்ஜரோடு நிரந்தரமாக வைத்துவிடுங்கள். பம்ப் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் பாதியை மட்டும் கணக்கில் எடுத்தாலும் நூறு நிமிட ஓட்டம் கிடைக்கும். ஐந்து நிமிடத்துக்குப் பத்து வினாடி என்றால் ஒரு நாள் முழுக்கத் தாராளமாக வரும். டைமரும் அதே பேட்டரியில் இருக்க வேண்டும், அதை மறந்துவிட்டால் பேட்டரி இருந்தும் பயனில்லை.

செலவு செய்ய முடியாதவர்கள் வடிகாலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, பெட்டியின் அடியில் இரண்டு விரல் அளவு கரைசல் நிற்க விடலாம். நீளமான வேரின் நுனி மட்டும் அதில் நனைந்திருக்கும், செடி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். கொசு வலை கட்ட மறக்காதீர்கள், தேங்கின சுத்தமான தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

தாம்பரம்_மாடி

பேட்டரி இந்த வாரமே வாங்குகிறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. லெட்யூஸ் இருந்த குழிகள் காலியாக இருக்கின்றன. இப்போது என்ன வைக்கலாம், லெட்யூஸை எப்போது திரும்ப வைக்கலாம்?

செல்வி_திருச்சி

இப்போதைக்கு வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலை. மூன்றும் தண்டு வெட்டி வைத்தாலே வேர் விடும், 28, 29 டிகிரி அதற்குப் பிரச்சினையே இல்லை. வெட்டிய தண்டுக்கு வேர் வரும் வரை வெறும் தண்ணீர் அல்லது ரொம்ப நீர்த்த கரைசல் போதும். தண்டைப் பிடிக்கத் தென்னை நார்க் கழிவு வேண்டாம், துகள் உதிர்ந்து நாசிலில் போகும், ஸ்பாஞ்ச் வையுங்கள். கழுத்துப்பகுதி எப்போதும் நனைந்தே இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெட்யூஸுக்குக் கார்த்திகை முடியட்டும், மழை ஓய்ந்து ராத்திரிச் சூடு இறங்கிய பிறகு. விதை போடும்போது ஒன்று கவனியுங்கள், 30 டிகிரிக்கு மேல் லெட்யூஸ் விதை உறங்கிவிடும், முளைக்காது. ஈரமான டிஷ்யூவில் மடித்து ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்துவிட்டு, பிறகு வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில் வெளிச்சம் படுகிற மாதிரி வையுங்கள். முளைவேர் எட்டிப் பார்த்ததும் ஸ்பாஞ்சுக்கு மாற்றிவிடலாம்.